இரவல் குரலில் தமிழ் வகுப்பு

டாக்டர் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சரா?" என்று கேட்டார். என்ன வேலை என்று நான் அதுவரை சொல்லவே இல்லை. குரல்நாண்களில் முடிச்சு விழுந்திருக்கிறதாம். கத்திப் பேசிப் பிழைக்கிறவர்களுக்கு வருவது என்றார். கச்சேரி பாடுகிறவர், மார்க்கெட்டில் கூவி விற்கிறவர், வாத்தியார் எல்லோருக்கும் ஒரே வியாதி. பத்து நாள் வாயே திறக்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒரு மாதம் அளந்துதான் பேச வேண்டும். "கிசுகிசுன்னு பேசலாமா டாக்டர்?" என்று கிசுகிசுத்தேன். அதுதான் தொண்டைக்கு இன்னும் கெடுதல் என்று, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். மருந்துச் சீட்டின் தலையில் 'மௌனம்' என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுத்தார்.

பெரம்பூர் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 17 வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். ஏழாம் வகுப்பில் 46 பிள்ளைகள். மதிலைத் தாண்டினால் பஸ் ரோடு. தலைக்கு மேலே மூன்று மின்விசிறிகள், அதில் ஒன்று கடக் கடக் என்று தாளம் போடும். இவை எல்லாவற்றுக்கும் மேலே என் குரல் போயாக வேண்டும். முடிச்சு விழாமல் என்ன செய்யும்?

பத்து நாள் விடுப்பு முடிந்தது. அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டதால் மேற்கொண்டு வீட்டில் உட்கார முடியவில்லை. நான் நோட்டில் எழுதி எழுதிக் காட்டுவதைப் பார்த்துச் சலித்துப்போயிருந்த மகள், என் போனை வாங்கி ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள். "நீ டைப் பண்ணும்மா, அது பேசும்." எழுத்தைப் பேச்சாக்கும் கருவிகள் இருப்பது தெரியும். ஆனால் அவை கண் தெரியாதவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். தமிழ் இவ்வளவு சரளமாக வரும் என்றும் நினைக்கவில்லை.

முதல் நாள் வகுப்புக்குள் போய், மேசையில் சின்ன ப்ளூடூத் ஒலிபெருக்கியை வைத்து, "எல்லோரும் உட்காருங்கள். எனக்குத் தொண்டை சரியில்லை" என்று போனைப் பேசவைத்தேன். ஒரு நொடி அமைதி. அப்புறம் வகுப்பே வெடித்துச் சிரித்தது. "மிஸ், போன் அக்கா!" என்றாள் இரண்டாவது பெஞ்சில் ஒருத்தி. அன்றிலிருந்து அதுதான் அதன் பெயர்.

மேசையில் வைத்தது தப்பு என்று அன்றைக்கே புரிந்தது. கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டினால் முதல் பெஞ்சுக்குக் காது அடைக்கிறது, சொல்லும் கரகரக்கிறது. மறுநாள் வகுப்பின் நடுவே ஒரு பெஞ்சில், புத்தகங்களை அடுக்கி அதன்மேல் உயரமாக வைத்தேன். பாதி ஒலியிலேயே எல்லோருக்கும் கேட்டது.

இரண்டாம் நாளே மூக்குடைபட்டேன். போன வருடத்து வினாத்தாள் ஒன்று கணினியில் இருந்தது. திரையில் பார்த்தால் முத்து முத்தான தமிழ். நகலெடுத்துப் போனில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால், ஆங்கில எழுத்துகளும் கமாவும் அடைப்புக்குறியும் கலந்து ஏதோ மந்திரம் ஓதியது. 46 பேரும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

காரணம் போனில் இல்லை, வினாத்தாளில் இருந்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழில் ஆளுக்கொரு எழுத்துருவும், எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற குறியேற்றமும் இருந்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களைத் தமிழ்நாடு அரசு தரமாக்கியது. யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். ஆனால் டி.டி.பி. சென்டர்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் சாகவில்லை. அங்கே அடித்து வருகிற கோப்புகளில் நம் கண்ணுக்குத் தெரிவது தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். குரல் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். இப்படிப்பட்ட கோப்பை யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் நெடுநாளாகப் புழக்கத்தில் இருப்பது, நானும் அதைத்தான் பயன்படுத்தினேன். எந்தக் கோப்பு கைக்கு வந்தாலும் ஒரு வரியை வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்ப்பது இப்போது என் வழக்கம். தமிழாகவே விழுந்தால் குரலுக்குக் கொடுக்கலாம்.

படமாக எடுத்த பக்கங்களுக்கு இது உதவாது. அவற்றைப் படத்திலிருந்து எழுத்தாக மாற்ற வேண்டும். கூகுள் டாக்ஸிலேயே தமிழுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் மாற்றியதை அப்படியே நம்பக் கூடாது. ர-வும் கால் குறியும் இடம் மாறியிருக்கும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குழம்பியிருக்கும். தமிழ்ப் புத்தகங்களில் வரியின் கடைசியில் இடம் போதாவிட்டால் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள், இடையில் கோடும் போட மாட்டார்கள். நம் கண் அதை ஒட்டிப் படித்துவிடும். குரலோ "மாண" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "வர்கள்" என்கிறது. ஒரு பக்கத்தைச் சரிசெய்ய முதலில் எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. இப்போது பத்து நிமிடம்.

இந்தத் திருத்தும் வேலையை ஒரு நாள் அலுப்பில் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டேன். "போன் அக்கா எங்கே தப்பா படிக்கிறான்னு கண்டுபிடிச்சு எழுதுங்க. ஏன் தப்புன்னும் எழுதணும்." சோம்பலில் செய்த காரியம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் நான் நடத்திய இலக்கண வகுப்புகளில் அதைப்போல ஒன்று அமைந்ததில்லை.

முதலில் மாட்டியது 'மௌனம்'. குரல் அதை "மெ-ள-னம்" என்று படித்தது. பிள்ளைகள் திரையைப் பார்த்தார்கள், எழுத்து சரியாகத்தான் இருந்தது. அழித்துவிட்டு ஒருத்தி திரும்பத் தட்டினாள், இப்போது சரியாகப் படித்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று! நோண்டிப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. ஔகாரக் குறியைத் தனிக் குறியாக அடிக்காமல், ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை அடித்திருந்தேன். தாளில் வித்தியாசமே தெரியாது. குரலுக்கு அது வேறு சொல். ஔவையார், கௌதமர், பௌர்ணமி என்று தேடிப் பார்த்தால் என் பழைய குறிப்புகளில் பாதி அப்படித்தான் இருந்தது. 17 வருடமாக யாரும் பிடிக்காத பிழை.

அடுத்தது எகரம். ஒரு கட்டுரையில் 'என்று' வரும் இடத்தில் எல்லாம் "ஏழு ன்று" என்று கேட்டது. எழுதியவர் எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழைப் போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். தமிழ் எண்களைப் பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்து மறக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஏழு இனி மறக்காது.

சுருக்கெழுத்துகள் பெரிய வேடிக்கை. 'திரு.வி.க. நகர்' என்று எழுதினால் குரல் ஒவ்வொரு புள்ளியிலும் வாக்கியம் முடிந்ததாக நினைத்து நின்று நின்று போகிறது. 'கி.மீ.' அப்படியே. '7-ஆம் வகுப்பு' என்றால் "ஏழு ஆம் வகுப்பு". தலைப்புக்குப் பின்னால் புள்ளி இல்லாததால் தலைப்பையும் முதல் வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துவிடுகிறது. பத்து இலக்கத் தொலைபேசி எண்ணைக் கோடிக் கணக்கில் வாசித்தபோது ஒருவன், "மிஸ், யாருக்கோ லாட்டரி விழுந்திருக்கு" என்றான். பிள்ளைகளே தீர்வும் சொன்னார்கள். திருவிக நகர் என்று புள்ளி இல்லாமல் எழுதுவது; கிலோமீட்டர், ஏழாம் வகுப்பு என்று விரித்து எழுதுவது; தலைப்புக்கும் புள்ளி வைப்பது; தொலைபேசி எண்ணை இலக்கத்துக்கு இலக்கம் இடம் விட்டு அடிப்பது.

'பாவம்' வந்த நாள்தான் எனக்குப் பிடித்த நாள். "அவன் பாவம்" என்பதிலும் "முகத்தில் பாவம் காட்டி ஆடினாள்" என்பதிலும் குரல் ஒரே மாதிரிதான் படித்தது. 'பந்தம்' என்பதும் அப்படியே. கையில் ஏந்துகிற பந்தமும் சொந்த பந்தமும் அதற்கு ஒன்று. ஒன்றைச் சரியாகச் சொன்னால் இன்னொன்று தப்பாகிவிடுகிறது. எப்போதும் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், ரெண்டும் ஒரே மாதிரிதானே எழுதியிருக்கு, நமக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

பாடத்திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அதற்குப் பதில் சொன்னேன், அதாவது கரும்பலகையில் எழுதினேன். கடல், அகல், அங்கு, அக்கா. நான்கிலும் ககரம்தான். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் என்றேன். சொல்லின் முதலில் வன்மையாக, உயிருக்கு இடையில் மென்மையாக, மெல்லினத்துக்குப் பின்னால் கனமாக, இரட்டித்தால் அழுத்தமாக வரும். தமிழ்ச் சொல்லாக இருந்தால் இடத்தைப் பார்த்து ஒலி தானாக வந்துவிடும், அதனால் நமக்கு ஒரே எழுத்து போதும். வேற்றுமொழியிலிருந்து வந்த சொல் இந்தக் கணக்குக்கு அடங்காது, அதைக் காதால் கேட்டுத்தான் பழகியிருக்கிறோம். கருவியும் இந்த விதிகளையோ, யாரோ படித்துப் பதிவுசெய்த மணிக்கணக்கான பேச்சையோ வைத்துத்தான் ஒலியை ஊகிக்கிறது. 'பாவம்' போன்ற சொல்லுக்கு முழு வாக்கியத்தின் பொருள் தெரிந்தாக வேண்டும். சன்னல் பெண் தலையாட்டினாள். அந்த வாரம் முழுக்க அவள் இப்படிப்பட்ட சொற்களாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்: குணம், பயம், தானம், தேகம்.

சொல்வதெழுதுதலுக்கும் இந்தக் குரலைப் பயன்படுத்தலாம், ஆனால் ஓர் எல்லை உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ழகரம் நாக்கில் நிற்காது, 'வாளப்பளம்'தான். போன் அக்காவின் ழகரம் சுத்தமாக இருந்தது (என்னுடையதைவிட என்று ஒரு பையன் சொன்னான், அவனை நான் மன்னித்துவிட்டேன்). ல, ள, ழ வேறுபாட்டுக்கும் ண, ன வேறுபாட்டுக்கும் அது நல்ல துணை. ர, ற இரண்டையும் இன்றைய பேச்சில் நாமே ஒன்றாகத்தான் சொல்கிறோம், ந, ன விஷயமும் கிட்டத்தட்ட அதேதான். நம் காதுக்கே பிடிபடாததைக் குரல் எப்படிப் பிரித்துக் காட்டும்? அதற்குத் தந்நகரம், றன்னகரம் என்று பெயர் சொல்லி, எங்கே எது வரும் என்ற விதியைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செய்யுளைக் கொடுத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. குறளில் 'சார்வாய்மற் றாங்கே' என்று சீர் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். பொருள்படி அது 'சார்வாய் மற்று ஆங்கே'. சீர்படி கொடுத்தால் குரல் "றாங்கே" என்று தனியாக ஒரு சொல்லைப் புதிதாகப் படைக்கிறது. பிரித்து எழுதிக் கொடுத்தால் பொருள் வருகிறது, வெண்பாவின் ஓசை போய்விடுகிறது. அதே குறளின் 'கெடுப்பதூஉம்' அளபெடையை நீட்டாமல் "தூ, உம்" என்று இரண்டாக வெட்டியது. அன்றைக்கு டாக்டர் பேச்சை மீறி ஒரே ஒரு குறளை என் வாயால் சொன்னேன். அது தேவைக்குப் பேசியதுதான்.

இனி அந்தப் பையன்.

கரும்பலகையில் இருப்பதை அச்சுப்போல எழுதிக்கொள்வான். எழுதியதைப் படிக்கச் சொன்னால் தலை குனிந்துவிடுவான். எழுத்துகள் தெரியும், கூட்டுவதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடும். முன்னால் இருந்த வகுப்புகளில் அவனுக்குச் 'சோம்பேறி' என்று பெயர். அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், இரவு எட்டு மணிக்குமேல்தான் வீட்டில் போன் இருக்கும். பாடத்தில் எட்டு வரியை ஒலிக்கோப்பாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தினமும் மூன்று தடவை புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள் என்றேன்.

இரண்டு வாரத்தில் அந்த எட்டு வரியையும் தங்கு தடையில்லாமல் படித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை, ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் எழுதிக் காட்டினேன். அப்புறம் ஒரு சந்தேகம். பக்கத்தைக் கையால் மூடி, நடுவில் ஒரு சொல்லை மட்டும் திறந்து, "இது என்னடா?" என்று சைகையில் கேட்டேன். விழித்தான். அது 'விளக்கு'. அவன் படித்ததாக நான் நினைத்தது முழுக்கக் காதால் மனப்பாடம் செய்தது. குரலை மட்டும் கொடுத்தால் படிக்கத் தடுமாறுகிற பிள்ளை படிக்கத் தேவையில்லாத வழியைக் கண்டுபிடித்துவிடும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் நான் கேட்டது அதை இல்லை.

முறையை மாற்றினேன். தினமும் பகுதியில் இரண்டு மூன்று சொற்களை மாற்றித் தட்டச்சு செய்து ஒரு தாளில் கொடுப்பேன். ஒலிக்கோப்பு பழையதாகவே இருக்கும். குரல் "காகம் மரத்தில் அமர்ந்தது" என்று சொல்லும், தாளில் 'காகம் மதிலில் அமர்ந்தது' என்று இருக்கும். எங்கே ஏமாற்றியிருக்கிறேன் என்று கண்டுபிடித்து வட்டம் போட வேண்டும். விரல் வரியிலேயே இருந்தால்தான் பிடிபடும். முதல் நாள் ஒன்றுகூட அகப்படவில்லை. நான்காம் நாள் ஒன்று. அவனுக்கு இது விளையாட்டாகப் பிடித்துக்கொண்டது, "மிஸ், இன்னைக்கு அஞ்சு போடுங்க" என்று அவனே கேட்டான்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று கற்றேன். மெதுவாக்கினால் எளிதாகும் என்று குரலின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். மிகவும் குறைத்தால் சொல் இழுபட்டு, போதையில் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. வேகத்தைக் கொஞ்சமாகக் குறைத்து, நீண்ட வாக்கியத்தை மூன்று நான்கு சொற்களுக்கு ஒரு வரியாக உடைத்து, வரிக்கு வரி புள்ளி வைத்தேன். இடைவெளிதான் அவனுக்குத் தேவைப்பட்டது. அந்த இடைவெளியில் அவன் திருப்பிச் சொல்லுவான்.

அவன் தெருவில் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர் ஒருவர் மாடியில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கொரோனாவில் விட்டுப்போன படிப்புக்காக 2021-இல் அரசு தொடங்கிய திட்டம் அது. அவரிடமும் இதே தாள்களைக் கொடுத்தேன். இன்னொரு காரியமும் செய்தேன். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் பையனைக் காட்டச் சொல்லி அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தேன். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்பதை நானோ என் போனோ சொல்ல முடியாது. இருந்தால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு முறைப்படி சான்றிதழ் வேண்டும். அதைப் பத்தாம் வகுப்பில் போய்த் தேடினால் அலைச்சல்தான்.

மூன்று மாதம் கழித்தும் அவன் மெதுவாகத்தான் படித்தான். ஆனால் ஒரு நாள் காலை வந்து, "மிஸ், எங்க தெரு அண்ணாச்சி கடையில 'கடன் அன்பை முறிக்கும்'னு போட்டிருக்கு. இத்தனை நாளா விலைப் பட்டியல்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றான்.

அந்தச் சமயத்தில்தான் பி.எட். படிக்கும் ஒரு தம்பி எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வந்தார். பார்வை மாற்றுத்திறனாளி. ஓய்வு நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து இயர்போனை மாட்டிக்கொள்வார். ஒரு நாள் இயர்போன் கழன்று, உள்ளேயிருந்து படபடவென்று பட்டாசு மாதிரி ஒரு சத்தம்.

"தம்பி, இது என்ன மொழி?" என்றேன். அதற்குள் எனக்குக் கொஞ்சம் குரல் வந்திருந்தது.

"தமிழ்தான் மேடம். உங்க காதுக்கு வேகம் பத்தலை."

அவர் வைத்திருந்தது என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கியது, இன்றுவரை இலவசம். அதோடு கூட வருகிற ஈஸ்பீக் என்ற குரல் தகரத்தில் தட்டியதுபோல் இருக்கும். இவ்வளவு நல்ல குரல்கள் இருக்கும்போது இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கதை கேட்க நல்ல குரல் வேண்டும், பரீட்சைக்குப் படிக்க வேகம் வேண்டும் என்றார். மனிதக் குரல்போல் இருப்பவற்றை வேகமாக்கினால் மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று குழைந்துவிடுகின்றனவாம், தகரக் குரல் எந்த வேகத்திலும் எழுத்து எழுத்தாகத் தெறிக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்லி பிரிவுக்குப் போவது பற்றி, ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு இந்திய மொழிகளுக்குக் குரல் செய்தது பற்றி எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்திலேயே இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை.

அவர் சொன்னதில் ஒன்று சுருக்கென்று தைத்தது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கால அட்டவணை, சுற்றறிக்கை, பாடக்குறிப்பு எல்லாவற்றையும் நாங்கள் போட்டோ பிடித்துத்தான் போடுவோம். "எனக்கு அது எல்லாமே 'படம்' மேடம். காலையில இருபது படம் வந்திருக்குன்னு தெரியும், என்ன படம்னு யாரையாவது கேட்கணும்." மூன்று வாரமாக அவர் ஒவ்வொரு நாளும் யாரையாவது கேட்டிருக்கிறார். அன்று முதல் என் கையால் போவது எழுத்தாகவே போகிறது. தட்ட நேரமில்லையென்றால் குரல்வழித் தட்டச்சில் சொல்லி, ஒரு தடவை பார்த்துத் திருத்திவிடுகிறேன்.

நீங்களும் செய்து பார்க்க நினைத்தால் கைக்கு எட்டியதிலிருந்து தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு போனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் எழுத்தைப் பேச்சாக்கும் பகுதி இருக்கும், அங்கே தமிழ்க் குரலுக்கான தரவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நெட் இல்லாதபோது அதுதான் கைகொடுக்கும். கணினியில் எட்ஜ் உலாவியின் உரக்கப் படிக்கும் வசதியில் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு தமிழ்நாட்டுக் குரல்கள் இருக்கின்றன. இலங்கைக்கு சரண்யா, குமார், சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு என்றும் உண்டு. இவற்றுக்கு இணையம் வேண்டும். ஒரே பத்தியை இரண்டு நாட்டுக் குரலில் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஒரு பீரியடே போதாது. வள்ளுவர் என்ற பெயரைக் கேட்டதும் குறளைக் கொடுக்கச் சொன்னார்கள். சீர் பிரித்ததைக் கொடுத்தால் பாவம், அவர் மட்டும் என்ன செய்வார்!

ஒரே போனில் நான்கு பேர் கேட்க, ரிச்சி ஸ்ட்ரீட்டில் இயர்போனைப் பிரிக்கிற கேபிள் வாங்கினேன். வாங்குமுன் உங்கள் போனில் இயர்போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள், நான் பார்க்கவில்லை, இரண்டாவது தடவை அலைந்தேன். மூன்று நிமிட ஒலிக்கோப்பு ஒன்றரை எம்பி அளவில் அடங்கும். அதையே வீடியோவாக அனுப்பினால் பெற்றோர் திறக்கவே மாட்டார்கள். முன்பின் தெரியாத இணையதளங்களில் பிள்ளைகளின் பெயர், மதிப்பெண் உள்ள கோப்புகளை ஒட்டாதீர்கள். எதையும் வகுப்பில் போடும் முன் ஒரு தடவை முழுதாகக் கேட்டுவிடுங்கள், மந்திரம் ஓதிய அனுபவம் ஒரு தடவை போதும்.

கதை படிப்பதை மட்டும் நான் இரவல் குரலுக்குக் கொடுப்பதில்லை. பாட்டி பேசினாலும் நரி பேசினாலும் ஒரே மாதிரி படித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். குரல் திரும்பாத வாரங்களில் கதையைப் பிள்ளைகளே ஆளுக்கொரு பாத்திரமாகப் படித்தார்கள். ஒருவன் நரியாகப் படித்ததில் பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது.

தம்பியின் பயிற்சி முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் நாளில் பிள்ளைகள் அவருக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு உதவட்டும் என்று என்னுடைய இலக்கணக் குறிப்புகள் 12 பக்கத்தையும் அவர்களே யூனிகோடில் தட்டச்சு செய்து, சுருக்கெழுத்துகளை விரித்து, தலைப்புகளுக்குப் புள்ளி வைத்து, போன் அக்காவின் பிழைகளை எழுதி வைத்திருந்த 'அக்கா தப்பு' நோட்டை வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்து அனுப்பினார்கள். சன்னல் பெண்தான் தலைமை. பிழையே இருக்காது என்று என்னிடம் பந்தயம் கட்டியிருந்தாள்.

இரவு பத்தரை மணிக்கு அவரிடமிருந்து குரல்செய்தி வந்தது. மறுநாள் வகுப்பின் நடுவே, அதே புத்தக அடுக்கின்மேல் ஒலிபெருக்கியை வைத்துப் போட்டேன்.

"ரொம்ப நன்றி பசங்களா. இவ்வளவு சுத்தமான கோப்பு எனக்கு யாருமே தந்ததில்லை. ஆனா மூணாம் பக்கம், ரெண்டாவது பத்தியில மௌனம் இன்னும் மெ-ள-னமாத்தான் இருக்கு."